ஐந்து டொலருக்குக் கைமாறிய வேதாகமம்

1891ஆம் ஆண்டளவில் ஒருநாள், ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள ஏதென்ஸ் நகரில், ஜெனி ஸ்மித் என்ற வெள்ளையினச் சித்திர ஆசிரியையின் வீட்டு வாசலில் எருது பூட்டிய வண்டியொன்று வந்து நின்றது. வந்தவர் ஹரியட் பவர்ஸ் என்ற, ஐம்பது வயதைக் கடந்த கறுப்பினப் பெண்மணி. அவர் கொண்டுவந்த பொதியின் மேலே சுத்தமான சாக்குத்துணி; உள்ளே அவர் தம் கையால் தைத்த போர்வை. அதற்குப் பத்து டொலர் கேட்டார். ஐந்து டொலருக்கு மேல் தர இயலாது என்றார் ஆசிரியை. ஹரியட் வெளியே சென்று கணவருடன் கலந்து பேசிவிட்டுத் திரும்பி வந்தார். காலம் கெட்டுக் கிடக்கிறது, கிடைப்பதை வாங்கிக்கொள் என்பதே கணவரின் ஆலோசனை. போர்வை கைமாறியது.

அந்தப் போர்வை இன்று வாஷிங்டன் நகரில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே கைகள் தைத்த இன்னொரு போர்வை பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமெரிக்கத் துணிக்கலையைப் பற்றி எவர் எழுதினாலும் இவ்விரண்டையும் தவிர்த்துவிட்டு எழுத இயலாது. ஆனால், அவற்றைத் தைத்தவரைப் பற்றி உலகம் அறிந்துவைத்திருந்தவற்றில் ஒரு பகுதி, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் பிழையாகவே இருந்தது. அதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திவிடுவோம். ஆங்கிலத்தில் 'குவில்ட்' எனப்படுவது வெறும் போர்வை அன்று. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, இடையில் பஞ்சு என மூன்று அடுக்குகள். இம்மூன்றும் விலகாதபடி ஊடுருவிச் செல்லும் தையலே அதன் உயிர். மேல்துணியை அமைப்பதில் இரண்டு முறைகள் உண்டு. சிறு துண்டுகளை ஓரத்தோடு ஓரம் பொருத்தித் தைத்துப் பெரிய துணியாக்குவது ஒரு முறை. உருவங்களை வெட்டியெடுத்து அடித்துணியின் மீது வைத்து ஒட்டித் தைப்பது மற்றொன்று. வங்காளத்துக் 'காந்தா' விரிப்பும் பழந்துணிகளை அடுக்கித் தைப்பதே. வடமொழியில் 'கந்தா' எனப்பட்ட அச்சொல்லே தமிழில் 'கந்தை' ஆயிற்று என்கிறது தமிழ்ப் பேரகராதி. வங்காளி அச்சொல்லைக் கலைப்பொருளின் பெயராக வைத்துக்கொண்டான். நாம் வறுமையின் பெயராக வைத்துக்கொண்டோம். பழைய நூற்சேலையை மடித்துத் தைத்துப் பச்சைக் குழந்தைக்கு விரிப்பது எங்கள் வீடுகளிலும் இருந்த வழக்கமே. ஆயினும் அதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டலாம் என்று எவரும் நினைத்ததில்லை.

ஹரியட் பவர்ஸ் 1837 இல் ஏதென்ஸ் அருகே அடிமையாகப் பிறந்தவர். 1855 இல் ஆர்ம்ஸ்டெட் பவர்ஸ் என்பவரை மணந்து பல பிள்ளைகளைப் பெற்றார். 1865 இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த பின்னர், கணவனும் மனைவியும் பாடுபட்டுச் சிறிதளவு நிலமும் வாங்கினர். 1886 இல் ஏதென்ஸில் நடைபெற்ற பருத்திக் கண்காட்சியில் அவருடைய போர்வை வைக்கப்பட்டிருந்தது. அங்கேதான் ஜெனி ஸ்மித் அதை முதன்முதலாகக் கண்டார், விலைக்குக் கேட்டார். எவ்விலைக்கும் தரமாட்டேன் என்று மறுத்தார் ஹரியட். எவ்விலைக்கும் தரமாட்டேன் என்றவர் ஐந்து ஆண்டுகள் கழித்து ஐந்து டொலருக்குத் தந்தார் என்றால், இடையில் அக்குடும்பத்திற்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். பருத்தியின் விலை வீழ்ந்துகொண்டிருந்த காலம் அது. பின்வந்த ஆண்டுகளில் நிலமும் சிறிது சிறிதாகக் கைவிட்டுப் போயிற்று.

போர்வையில் மொத்தம் 11 கட்டங்கள். ஏதேன் தோட்டத்தில் ஆதாமும் ஏவாளும், அவர்களைச் சூழ்ந்து விலங்குகளும் சர்ப்பமும், காயீன் ஆபேலைக் கொல்லும் காட்சி, யாக்கோபின் கனவில் தோன்றிய ஏணி, இயேசுவின் ஞானஸ்நானம், முப்பது வெள்ளிக்காசுகளோடு யூதாஸ், கடைசி இராவிருந்து, சிலுவை மரணம், இறுதியில் திருக்குடும்பம். உருவங்கள் நிழலுருவங்களைப் போன்றவை. முகத்தில் கண்ணில்லை, மூக்கில்லை. ஆயினும் கை உயர்த்தியிருப்பதிலும் உடல் சாய்ந்திருப்பதிலும் கதை முழுவதும் விளங்கிவிடுகிறது. உருவங்களைத் தைப்பதில் கைத்தையலும் இயந்திரத் தையலும் கலந்திருக்கின்றன. ஒவ்வோர் உருவத்தின் விளிம்பையும் ஒட்டி ஒரு தையல் ஓடுகிறது. வெற்றிடங்களிலோ, ஒழுங்கான கோலம் எதுவுமின்றிக் குறுக்கும் நெடுக்குமாக நேர்கோடுகள் வெட்டிச் செல்கின்றன. மேற்கு ஆபிரிக்காவின் தாகோமி நாட்டில் - இன்றைய பெனின் - அரசவைக் கைவினைஞர் செய்துவந்த ஒட்டுத்துணிச் சித்திரங்களோடு ஆய்வாளர் இதனை ஒப்பிடுவதுண்டு. ஒப்புமை கண்ணுக்குத் தெரிவது உண்மை. ஆனால் அக்கலையை ஹரியட்டுக்குக் கற்பித்தவர் இன்னார் என்று காட்டும் சான்று எதுவும் இல்லை.

ஜெனி ஸ்மித்தை என்னவென்று சொல்வது? பத்து டொலர் கேட்டவரிடம் ஐந்து டொலருக்கு வாங்கியவர் அவர். அதே சமயம், விலை பேசி முடிந்ததும் பொருளை மடித்து அலமாரியில் வைத்துவிடாமல், ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் தைத்தவரிடமே கேட்டு எழுதிவைத்தவரும் அவரே. துணுக்குத் துணிகளைச் சேர்த்துத் தருவதாக ஹரியட்டுக்கு வாக்களித்தார். ஹரியட்டும் தம் பிள்ளையைப் பார்க்க வருபவர்போல் பலமுறை அவ்வீட்டுக்கு வந்து போர்வையைப் பார்த்துவிட்டுப் போனார். அக்காலத்தில் தைக்கப்பட்ட எண்ணற்ற போர்வைகள் தைத்தவரின் பெயரின்றி இருக்கின்றன. இதற்குப் பெயரும் விளக்கமும் இருப்பது ஸ்மித்தின் குறிப்பினால்தான்.

ஆனால் அக்குறிப்பில் ஒரு வில்லங்கம் உண்டு. ஹரியட்டின் வார்த்தைகளை ஸ்மித் எழுதியது, அக்காலத் தென்மாநில வெள்ளையர் கறுப்பினத்தவர் பேச்சை எழுதிய கொச்சை வழக்கிலாகும். எழுத்துக்களைச் சிதைத்து, உச்சரிப்பைக் கேலிச்சித்திரம் போலாக்கி எழுதுவது அது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தித்தாளில் பணியாற்றியவன் என்ற முறையில் எனக்கு இது வெகுநாட்களாகவே உறுத்தும் விடயம். படித்தவர் சொன்னதை இலக்கணத்தோடும், கூலித் தொழிலாளி சொன்னதைக் கொச்சையோடும் அச்சிடும் வழக்கம் எந்த நாட்டுப் பத்திரிகைத்துறைக்கும் புதிதன்று. இருவரும் பேசியது பேச்சு மொழியே. திருத்தி எழுதும் மரியாதை ஒருவருக்கு மட்டுமே கிடைக்கிறது. இதன் விளைவாக, ஹரியட் பவர்ஸ் என்றாலே கேட்டறிந்த வேதக் கதைகளைத் துணியில் வடித்த எழுத்தறிவற்ற பெண் என்ற சித்திரமே நிலைத்துவிட்டது. புத்தகங்களிலும் அருங்காட்சியகக் குறிப்புகளிலும் அதுவே திரும்பத் திரும்ப வந்தது.

இரண்டாவது போர்வைக்கு வருவோம். 1895 இல் அட்லாண்டா நகரில் பெரும் பருத்திக் கண்காட்சியொன்று நடைபெற்றது. கறுப்பினத் தலைவர் புக்கர் வாஷிங்டன் புகழ்பெற்ற தம் உரையை நிகழ்த்தியது அங்கேதான். அக்கண்காட்சியில் வைப்பதற்கும் ஸ்மித் தம்மிடமிருந்த போர்வையை அனுப்பினார். பின்னர், 1898 இல், ஹரியட் தைத்த மற்றொரு போர்வையை அட்லாண்டா பல்கலைக்கழக ஆசிரியர் குழாத்துப் பெண்கள் வணக்கத்துக்குரிய சார்ல்ஸ் கத்பெர்ட் ஹோல் என்பவருக்குப் பரிசாக அளித்தனர். இவர் நியூயோர்க்கிலிருந்த யூனியன் இறையியற் கல்லூரியின் தலைவர். எமது வாசகர்களுக்காக ஒரு சிறு செய்தி: 1902 - 1903 காலப்பகுதியில் பரோஸ் அறக்கட்டளைச் சொற்பொழிவுகளை நிகழ்த்த இந்தியாவுக்கும் யப்பானுக்கும், கூடவே எங்கள் இலங்கைக்கும் வந்தவர் இதே ஹோல்தான். அச்சொற்பொழிவுகள் 1905 இல் நூலாகவும் வெளிவந்தன. அவற்றைக் கேட்க மண்டபத்தில் அமர்ந்திருந்த எம்மவருக்கு, பேச்சாளருக்குக் கிடைத்த ஒரு பரிசுப் பொருள் பிற்காலத்தில் அவருடைய நூல்களைவிடப் புகழ்பெறும் என்று தெரிந்திருக்க வழியில்லை.

என் கருத்தில், இரண்டாவது போர்வைதான் பெரிய சாதனை. 15 கட்டங்கள்; வேதாகமத்தோடு நாட்டு நடப்பும் அதில் நுழைந்துவிடுகிறது. 1780 மே 19 இல் பட்டப்பகலில் நியூ இங்கிலாந்துப் பகுதி இருண்டுபோனது ஒரு கட்டம். கனடாவில் மூண்ட காட்டுத்தீயின் புகையே அதற்குக் காரணம் என்பது இன்றைய விளக்கம். 1833 நவம்பர் 13 ஆம் திகதி விடிவதற்கு முன்னர் விண்கற்கள் மழைபோல் பொழிந்தது மற்றொரு கட்டம். உலகம் முடிகிறது என்றே மக்கள் அஞ்சினர். அடிமைத்தளையிலிருந்து தப்பிப் பின்னர் பெரும் பேச்சாளராக விளங்கிய பிரெடரிக் டக்ளஸ், சிறுவயதில் தாம் அதைக் கண்டதைச் சுயசரிதையில் பதிவுசெய்திருக்கிறார். இவ்விரு நிகழ்ச்சிகளும் ஹரியட் பிறப்பதற்கு முந்தியவை என்பதைக் கவனிக்கவேண்டும். ஒரு சமூகம் வாய்மொழியாகக் காத்துவந்த நினைவு, அறுபது ஆண்டுகளுக்கும் மேலான பின்னர் ஊசிமுனையில் பதிவாகியது. 1895 பெப்ரவரியின் கொடுங்குளிரும் இருக்கிறது: செபித்தபடியே உறைந்துபோன பெண், மதுச்சாடியருகே உறைந்துபோன மனிதன், வாயில் பனிக்கட்டி தொங்கும் கோவேறு கழுதை. இந்தக் கட்டம் அவர் வாழ்ந்த காலத்துச் செய்தி. எமது தொழிலில் இதற்குத் தலைப்புச் செய்தி என்று பெயர்.

இரு போர்வைகளும் அருங்காட்சியகங்களைச் சென்றடைந்த வழி வேறு வேறு. ஹோலின் மகனிடமிருந்து மக்சிம் கரோலிக் என்ற சேகரிப்பாளர் வாங்கிய போர்வை, 1964 இல் பொஸ்டன் அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தது. ஸ்மித்தின் போர்வை, அவருடைய மறைவுக்குப் பின்னர் ஹெக்மன் தம்பதியரின் கையில் இருந்து, 1968 இல் ஸ்மித்சோனியனுக்கு நன்கொடையாகச் சென்றது. 2021 ஒக்டோபர் முதல் 2022 ஜனவரி வரை பொஸ்டனில் நடைபெற்ற கண்காட்சியொன்றில்தான் இரண்டும் முதன்முறையாக ஒரே கூரையின் கீழ் வைக்கப்பட்டன. அந்த டிசம்பரில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த எனக்கு அவற்றைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. பழந்துணிகள் வெளிச்சத்தில் நிறமிழந்துவிடும் என்பதால் 50 லக்ஸ் அளவுக்கு மேல் விளக்கொளி படவிடாமல் பார்த்துக்கொள்வது அருங்காட்சியகங்களின் வழமை. கண்கள் அம்மங்கலுக்குப் பழகச் சிறிது நேரம் பிடித்தது. முதற்போர்வையின் பின்னணி வெளிறிய இளஞ்சிவப்பாகிவிட்டது. புதிதில் அது தர்ப்பூசணிப் பழத்தின் நிறத்தில் இருந்ததாம். நூல் தேய்ந்த இடங்களும் துணி இற்ற இடங்களும் தெரிகின்றன. நிழற்படத்தில் தெரியாதவை இவை.

ஐந்து டொலருக்குக் கைமாறிய அப்போர்வையின் விலைக் கதை அத்தோடு முடியவில்லை. 1992 இல் ஸ்மித்சோனியன் தன் சேகரிப்பிலிருந்த சில பழம்போர்வைகளைப் பிரதிசெய்து விற்க ஒரு நிறுவனத்துக்கு உரிமம் வழங்கியது. ஹரியட்டின் வேதாகமப் போர்வையும் அவற்றில் ஒன்று. பிரதிகள் சீனாவில் தைக்கப்பட்டு அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. அமெரிக்காவின் போர்வைத் தையற்காரப் பெண்கள் கொதித்தெழுந்தனர். ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்ட மனுக்கள் போயின. மலிவான பிரதிகள் தங்கள் உழைப்பின் விலையைக் கெடுக்கும் என்பது சிலரின் கவலை. நாட்டின் பாரம்பரியச் சொத்தை வெளிநாட்டுத் தொழிற்சாலையில் பெருக்குவதா என்பது வேறு சிலரின் ஆத்திரம். இரண்டிலும் நியாயமுண்டு. எனினும், அச்சர்ச்சையின் இரைச்சலில், முதல் விற்பனையில் பாதி விலையோடு திரும்பிப் போன பெண்மணியை நினைத்தவர்கள் எத்தனை பேர் என்பது என் ஐயம்.

இவ்விடத்தில் இன்னொரு விடயத்தையும் சொல்லியாகவேண்டும். அடிமைகள் தப்பியோடுவதற்கு வழிகாட்டும் இரகசியக் குறியீடுகள் போர்வை வடிவங்களில் இருந்தன என்றொரு கதை அமெரிக்காவில் வெகுவாகப் பரவியிருக்கிறது. 1999 இல் வெளிவந்த ஒரு நூலே அதற்குப் பெரும் பரப்புரையாயிற்று. பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அது கற்பிக்கப்படுகிறது. அடிமைமுறையைப் பற்றி ஆராயும் வரலாற்றாசிரியர்கள் பலரும் இதை ஏற்பதில்லை. தப்பியவர்கள் எழுதியும் சொல்லியும் வைத்த ஏராளமான வாக்குமூலங்களில் அப்படியொரு குறியீடு பேசப்படவில்லை என்பது அவர்களின் வலுவான வாதம். ஹரியட்டின் இரண்டாவது போர்வையிலும் ஜோர்ஜியாவிலிருந்து வேர்ஜினியா வரை 500 மைல் ஓடிய பன்றியொன்று இருக்கிறது. வடக்கு நோக்கித் தப்பியோடியவரின் உருவகம் அது என்று பொருள்கொள்வாருமுண்டு. அழகான விளக்கம்தான். ஆனால் ஒடுக்கப்பட்டவர்களின் கதை அழகாக இருப்பதற்காகவே அதை நம்பிவிடுவதும் அவர்களுக்குச் செய்யும் ஒருவகை அநீதியே என்று நான் கருதுகிறேன். உண்மையில் நடந்தவற்றுக்கே போதிய கனமுண்டு.

அதற்கு ஜோர்ஜியாவின் அயல் மாநிலமான அலபாமாவில் ஒரு சான்று இருக்கிறது. அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஒரு நிலத்துண்டு, ஜீஸ் பெண்ட். அடிமைகளின் வழித்தோன்றல்களே அங்கு வாழ்கின்றனர். அவர்களில் மிகப் பலருக்கு இன்றும் பெட்வே என்பதே குடும்பப் பெயர் - அது அவர்களுடைய மூதாதையரை உடைமையாக வைத்திருந்த பண்ணையாரின் பெயர். 1937 இல் அரச நிழற்படக் கலைஞர் ஆர்தர் ரொத்ஸ்டீன் அங்கு எடுத்த படங்களில், மரக்குடிசைகளின் உட்சுவர்களில் பழைய செய்தித்தாள்கள் ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். பலகை இடுக்குகளால் நுழையும் குளிர்காற்றைத் தடுப்பதற்காக ஒட்டியவை அவை. செய்தித்தாளுக்கு இதைவிடப் பயனுள்ள பணி அபூர்வமாகவே வாய்க்கிறது. காற்றைத் தாள் தடுத்தது. குளிரைப் போர்வை தடுத்தது. இடுப்புக்குக் கீழ் நைந்த காற்சட்டை, உரச்சாக்கு, மாச்சாக்கு எல்லாம் போர்வையாயின. 1942 இல் மிசூரி பெட்வே என்ற பெண், இறந்துபோன கணவரின் வேலையுடுப்புகளைப் பிரித்தெடுத்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைக்கவும், அதன் கீழ் அன்போடு படுத்துறங்கவும் என்று தாயார் சொன்னதாக மகள் பின்னாளில் நினைவுகூர்ந்தார். வெளுத்த நீலமும் சாம்பலும், இடையிடையே கறைகளும் கொண்ட அப்போர்வையும் இன்று வாஷிங்டனில், தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் உள்ளது.

1962 இல், கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதியத் தொடங்கியிருந்த நாட்களில், ஆற்றைக் கடந்து மாவட்டத் தலைநகருக்குச் செல்ல ஜீஸ் பெண்ட் மக்களுக்கு இருந்த ஒரேயொரு தோணிச் சேவையும் நிறுத்தப்பட்டது. அது மீண்டும் ஓடத்தொடங்க 2006 ஆயிற்று. 2002 இல் ஹியூஸ்டனிலும், தொடர்ந்து நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் அவ்வூர்ப் போர்வைகள் சுவரேறியபோது, நவீன ஓவியங்களுக்கு இணையானவை என்று விமர்சகர்கள் வியந்தனர். அங்கும் விலையும் உரிமையும் பற்றிய கேள்வி எழுந்தது. தமக்கு உரிய பங்கு தரப்படவில்லை என்று 2007 இல் சிலர் நீதிமன்றம் சென்றனர். மறு ஆண்டு வழக்குகள் முடிவுக்கு வந்தன. ஆனால் ஜீஸ் பெண்ட் பெண்களுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. பலர் உயிரோடிருந்தனர், ஒலிவாங்கியின் முன் தங்கள் வார்த்தையில் பேசினர்.

1910 இல் காலமான ஹரியட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை என்றே எல்லோரும் எண்ணியிருந்தோம். எஞ்சியிருந்தவை ஸ்மித்தின் குறிப்பும், போர்வைகளோடு வந்த விளக்கங்களும், 1897ஆம் ஆண்டளவில் எடுக்கப்பட்ட ஒரு நிழற்படமும்தான். அப்படத்தில், விண்மீனும் சூரியனும் போன்ற உருவங்கள் ஒட்டித் தைத்த மேலங்கியை இடுப்பில் கட்டிக்கொண்டு நேராக நம்மைப் பார்க்கிறார்.

2009 இல் போர்வை வரலாற்றாய்வாளர் கைரா ஹிக்ஸ் வெளியிட்ட நூல் இந்நிலையை மாற்றியது. அயோவா மாநிலத்துக் கியோகுக் நகரைச் சேர்ந்த ஒரு பெண்மணி, போர்வையைப் பற்றிக் கேள்விப்பட்டு விசாரித்திருக்கிறார். அவருக்கு 1896 இல் ஹரியட் எழுதிய கடிதத்தின் பிரதியை, அவ்வூர் வரலாற்றுச் சங்கத்தின் சேகரிப்பிலிருந்து ஹிக்ஸ் கண்டெடுத்தார். ஹரியட்டுக்கு எழுதப் படிக்கத் தெரியும். சிறுமியாக அடிமைத்தளையில் இருந்தபோதே, எசமானர் வீட்டு வெள்ளைப் பிள்ளைகளின் துணையோடு எழுத்துக்களைக் கற்று, வேதாகமத்தைத் தாமே வாசித்துத் தேர்ந்தவர் அவர். அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது ஜோர்ஜியாவில் சட்டப்படி குற்றமாயிருந்த காலம் அது. யாக்கோபின் ஏணியும் யூதாஸின் காசும் எவரோ சொல்லக் கேட்டுத் தைத்தவை மாத்திரமல்ல. வாசித்து, நினைத்து, தெரிந்தெடுத்துத் தைத்தவை.

அதே கடிதத்தில் தாம் செய்த போர்வைகளையும் அவர் கணக்கிட்டுச் சொல்கிறார். குறைந்தது நான்கு. அவற்றில் ஒன்று 1882 இல், சீயோன்மலை என்னும் பெயருடைய பாப்ரிஸ்ற் திருச்சபையில் அவர் சேர்ந்த காலத்தில் செய்தது: ஆண்டவரின் இராப்போசனத்தைப் பொருளாகக் கொண்டு, 2,500 சாய்சதுரத் துண்டுகளால் அமைத்தது என்கிறார். அருங்காட்சியகங்களில் இருப்பவை இரண்டுதான். இராப்போசனப் போர்வை இன்னும் எவர் கண்ணிலும் படவில்லை.